காலை அகட்டி வெச்சுக்க

குழந்தை சீட் மாட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "புள்ளை கீழ விழுந்திராதுல்ல?" என்றுதான். நானும் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டி, "நீங்களே ஏறி உக்காந்தாலும் ஆடாதுண்ணே" என்று சொல்லி அனுப்புவேன். பல வருஷம் அப்படித்தான் ஓடியது. கேள்வியில் தப்பில்லை, பதிலிலும் பொய் கிடையாது. ஆனால் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளைகளுக்கு வந்த காயங்களில் நான் கண்ணால் பார்த்த மோசமானது விழுந்ததால் வந்ததல்ல. உட்கார்ந்த இடத்தில், பெல்ட் போட்டபடியே வந்தது.

எனக்குத் தொழில் புதுக்கோட்டையில். வாடகை சைக்கிள் கடையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்தபோது ஊரில் அறிவொளி இயக்கம் சூடு பிடித்திருந்தது. 1991, 92. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நின்றார். சாயங்காலம் ஆனால் கடையில் ஒரு வண்டி மிஞ்சாது. கல் உடைக்கப் போகிறவர்கள், பால்வாடி டீச்சர்கள், நர்ஸுகள் என்று எல்லோரும் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். வாங்கிய பிறகு அதுவே தேவலை என்றும் சொன்னார்கள். காரணம் பாருங்கள். சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே போகிற அந்தக் குழாயில் ஒரு துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்காரவைத்துவிடலாம். இரண்டு கைக்கும் நடுவில், தலையில் மூச்சுப் படுகிற தூரத்தில் பிள்ளை இருக்கும். அதன் கால் எங்கே இருக்கிறது என்பது குனியாமலே தெரியும்.

பிறகு லேடீஸ் சைக்கிள் தாராளமாக வந்தது. ஏறி இறங்கச் சுளுவு, சேலைக்குத் தோது. ஆனால் அதில் பார் கிடையாது. முன்னால் இருந்த பிள்ளை பின்னால் போனது இப்படித்தான். அப்படிப் போனபோது தாயின் கண்ணை விட்டும் போனது.

நான் தனிக்கடை போட்டபோது பின்சீட்டுக்கு நல்ல கிராக்கி. கம்பெனி சரக்கெல்லாம் எங்கள் ஊருக்கு வரவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லிவைத்தால் கம்பியை நாற்காலி வடிவத்துக்கு வளைத்துக் கொடுப்பார்கள். அதில் பிளாஸ்டிக் ஒயர் பின்னி, முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, ஒரு பெல்ட். கேரியரில் இரண்டு கிளாம்பு, நாலு போல்ட்டு. அரை மணி நேர வேலை. உட்கார இடம் உண்டு, சாய இடம் உண்டு, பிடிக்க இடம் உண்டு. கால் வைக்க இடம் மட்டும் கிடையாது. இரண்டு காலும் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சும்மா தொங்கும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வண்டி கிளம்பும்போது பிள்ளையின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "காலை அகட்டி வெச்சுக்க" என்று சொல்லிவிடுவோம். நானும் சொல்வேன், அப்பா அம்மாவும் சொல்வார்கள். பிள்ளையும் தலையை ஆட்டும்.

நீங்கள் வேண்டுமானால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பாதம் தரையில் படாமல், இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் தொடை கடுக்கும். வளர்ந்தவர்களால் முடியாததை மூன்று வயசுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக மிதித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைக்கு வழியில் தூக்கம் வரும். ரயில் வந்தால் திரும்பிப் பார்க்கும். செருப்பு நழுவினால் காலை உள்பக்கமாக மடக்கித்தான் அதைப் பிடிக்கும். எதுவும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் ஒன்று விர்ரென்று சுற்றினால் அது என்னவென்று காலால் தொட்டுப் பார்க்கும். அது பிள்ளையின் சுபாவம்; கீழ்ப்படியாமை என்று அதைச் சொல்ல முடியாது.

சக்கரத்தின் பக்கத்தில் இருந்தும் பாருங்கள். ரோட்ஸ்டர் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் ஓடும். பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ். பிள்ளையை வைத்துக்கொண்டு நிதானமாக, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், சக்கரம் விநாடிக்கு ஒன்றரைச் சுற்றுச் சுற்றும். அதாவது ஓர் இடத்தை விநாடிக்கு 60 கம்பி கடக்கிறது. அந்த வேகத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. வெறும் இடமாகத்தான் தெரியும். கம்பி மட்டும் என்றால் காலைத் தட்டி வெளியே தள்ளியிருக்கும். கூடவே சீட்டின் கீழிருந்து ஹப்பை நோக்கி இறங்குகிற குழாய் இருக்கிறதே, அதுதான் வினை. சக்கரத்தின் மேல்பாதி முன்னோக்கி ஓடுவது. பின்னால் தொங்குகிற பாதம் கம்பிக்குள் போனால், அதை முன்னால் இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழாயில் வைத்து அழுத்தும். கத்தரிக்கோலின் ஓர் அலகு சுற்றுகிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. மிதிக்கிறவருக்கு வண்டி லேசாகக் கனக்கிற மாதிரி இருக்கும். மேடு என்று நினைத்து இன்னும் ஓர் அழுத்து அழுத்துவார். கால் நசுங்குவது அந்த அழுத்தில்தான்.

இதைத் தடுக்க லேடீஸ் சைக்கிளில் ஏற்கெனவே ஒரு சாமான் இருந்தது. பின்சக்கரத்தின் மேல்பக்கத்தை இரண்டு பக்கமும் மூடுகிற கார்டு. சேலையும் தாவணியும் சிக்காமலிருக்கப் போட்டது. பிள்ளையின் காலுக்கும் அதுதான் தடுப்பு. ஊரில் ஓடுகிற வண்டிகளில் எத்தனையில் அது இருந்தது என்று கேட்டால், வாங்கிய புதிதில் எல்லாவற்றிலும் இருந்தது. அதைக் கழட்டியது எங்களைப் போன்ற மெக்கானிக்குகள். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தை நாங்கள் கழட்டுவதில்லை. வண்டியைச் சாய்த்து, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை மட்டும் வெளியே இழுப்போம். கார்டு இருந்தால் அந்தப் பக்கம் கை போகாது. அதன் சின்னத் திருகாணிகள் துருப்பிடித்துச் சுற்றாது. வாடிக்கையாளர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இது எதுக்குக்கா, கடகடன்னு சத்தம் வேற" என்று சொல்லிக் கழட்டி உள்ளே போட்டுவிடுவேன். ஒருத்தர்கூட "ஏன்" என்று கேட்டதில்லை. செயின் கவருக்கும் இதே கதிதான். என் கடையின் பின்சுவரில் அப்படிக் கழட்டிய கார்டுகள் ஆணி ஆணியாகத் தொங்கின. யாராவது கேட்டு வந்தால் துடைத்து, பழைய சாமான் விலைக்கு விற்றதும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பால்வாடி டீச்சரக்கா எங்கள் கடையில்தான் வண்டி விடுவார். லேடீஸ் சைக்கிள். பின்சீட்டு நான் மாட்டியது. மூன்று வயசு மகள் அதில் உட்கார்ந்து போகும். என் கடையைத் தாண்டும்போது, "மாமா" என்று கத்திவிட்டுப் போகிற பழக்கம் அதற்கு. ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், அப்படிக் கத்திவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. டீக்கடைப் பையன் ஓடிவந்தான். "அண்ணே, ஸ்போக்ஸ்ல கால் மாட்டிக்கிச்சு!"

கை முதலில் ஸ்பேனரைத்தான் எடுத்தது. அப்புறம் அதைப் போட்டுவிட்டு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் பிள்ளையின் முழங்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கி, வண்டி ஓர் அங்குலமும் நகராமல் பிடித்திருந்தார். பிள்ளைக்கு வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இடதுகால். குதிகால் இரண்டு கம்பிக்கு நடுவில் போய், குழாயோடு சேர்ந்து இறுகியிருந்தது. செருப்பின் வார் முறுக்கிக்கொண்டு ஹப்பைச் சுற்றியிருந்தது.

"இழுக்காதீங்க" என்று சொல்லி அவர் கையை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு டாக்டர் புத்தி ஒன்றும் வேலை செய்யவில்லை. சிக்கிய செயினை இழுக்கக் கூடாது என்று தொழிலில் படிந்த புத்திதான். சக்கரத்தை ஒரு விரற்கடை பின்னால் சுற்றினேன். குழாயின் அழுத்தம் விட்டது. பிள்ளைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கால் இன்னும் கம்பிக்கு நடுவில்தான் இருந்தது. ஸ்போக்ஸ் இழுவிசையில் நிற்கிற கம்பி, வெட்டினால் தெறிக்கும். கழுத்துத் துண்டை அதன் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டு ஒன்றை வெட்டினேன். போதவில்லை. பக்கத்துக் கம்பியையும் வெட்டி வளைத்த பிறகு கால் தானாக வந்தது.

ரத்தம் அதிகமில்லை. குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பு தடிப்பாகத் தெரிகிற இடத்தில், தோல் ஒரு மடலாகப் பெயர்ந்து வெளுத்துக் கிடந்தது. அவ்வளவுதான். கூட்டத்தில் எல்லோரும் "பெரிசா ஒண்ணுமில்ல" என்றார்கள். நானும் சொன்னேன். டீக்கடைக்காரர் காப்பித் தூளை அள்ளிக்கொண்டு வந்தார். அக்கா அவரைக் கிட்டவே விடவில்லை. குடத்துத் தண்ணீரை விட்டுக் கழுவி, சுத்தமான கைக்குட்டையால் மூடி, ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பால்வாடி வேலை அவருக்கு அதையாவது சொல்லிக்கொடுத்திருந்தது.

வண்டியை நான் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு கம்பி மாற்றி, சக்கரத்தைக் கோட்டம் எடுக்க வேண்டும். தலைகீழாக நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது பின்சுவர் கண்ணில் பட்டது. அந்த வண்டியின் கார்டு, மெரூன் கலர், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின மாசம் பஞ்சருக்கு வந்தபோது நான் கழட்டியது.

"பெரிசா ஒண்ணுமில்ல" என்று நாங்கள் சொன்ன காயம் நாலைந்து நாளில் கறுத்தது. இந்த மாதிரிக் காயத்தின் குணமே அதுதான் என்று பின்னால் ஓர் எலும்பு டாக்டர் எனக்கு விளக்கினார். கத்தியில் அறுபட்ட காயம் மாதிரி இது இல்லை. கம்பி கிழிக்கிறது, குழாய் நசுக்குகிறது, சக்கரம் தோலைச் சதையிலிருந்து இழுத்துப் பிரிக்கிறது. தோலுக்குப் போகிற ரத்த ஓட்டம் அங்கே செத்துப்போகும். முதல் நாள் உயிரோடு இருக்கிற மாதிரித்தான் தெரியும். குதிகாலுக்கு மேலே அடியில் சதை கிடையாது, நேராகத் தசைநார்தான். தோல் போனால் அது வெளியே தெரிந்துவிடும். சின்னக் காயம் என்று எடைபோட்டு ஏமாறுவதைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1969லேயே எழுதி எச்சரித்திருக்கிறார்களாம். அதனால் ஸ்போக்ஸில் கால் பட்டால், காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்து, டிடி ஊசி போட்டு, காலைத் தூக்கி வைத்திருந்து, சில நாள் கழித்துத் திரும்பவும் காட்ட வேண்டும். அந்த இரண்டாம் தடவை போவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றார். மஞ்சள், காப்பித் தூள், இங்க் எதுவும் கூடாது. டாக்டருக்குத் தோலின் நிறம் தெரிய வேண்டும்.

டீச்சரக்காவின் மகளுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். மாசக்கணக்கில் நடக்கவில்லை. பிறகு நடந்தது, ஓடியது, இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறது.

வண்டியை வாங்க அக்கா வந்தபோது நான் கார்டை மாட்டி வைத்திருந்தேன். அவர் முதலில் அதைக் கவனிக்கவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தம்பி, காலை அகட்டி வெச்சுக்க, அகட்டி வெச்சுக்கன்னு. கேட்டாத்தானே" என்று பிள்ளை மேல் வருத்தப்பட்டார். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. காசு வேண்டாம் என்றேன். அது பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டார். சக்கரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தவர்தான் நின்றார்.

"இது எங்க இருந்துச்சு?"

"உள்ள கெடந்துச்சுக்கா."

"அன்னைக்கே மாட்டியிருக்கலாமேப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது எதிர்பேச்சுப் பேசி அதோடு போயிருப்பேன்.

அதற்குப் பிறகு கார்டு இல்லாத வண்டிக்குப் பின்சீட்டு மாட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிள்ளையின் பெருவிரல் நுழையாத சின்னக் கண்ணி வலையை வாங்கி, சக்கரத்தின் இரண்டு பக்கமும், மட்கார்டிலிருந்து ஹப்புக்குக் கீழே வரைக்கும் இறங்குகிற மாதிரி அடித்துக் கொடுத்தேன். பட்டறையில் சொல்லி, சீட்டின் இரண்டு பக்கமும் கால்மிதி வைக்கச் சொன்னேன். வெறும் கம்பியை நீட்டினால் போதாது. கால் அதிலிருந்து வழுக்கி நேரே சக்கரத்துக்குத்தான் போகும். பாதம் முழுசாகப் பதிகிற தட்டு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, மேலே ஒரு வார். பிள்ளை வளர வளர இறக்கி மாட்ட மூன்று துளை. சீட்டின் விலை கூடியது. "சைக்கிள்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று சொல்லிவிட்டு வேறு கடையில் கார்டில்லாமல் மாட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன? அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை நானே சொல்லி விற்றவன்.

கண் திறந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு நேராக இருப்பது மிதிக்கிறவரின் சீட்டு. பழைய சீட்டுகளுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங். மிதிக்கிறவர் எழுந்து உட்காரும்போதெல்லாம் ஸ்பிரிங் விரிந்து சுருங்கும். பிள்ளை பிடித்துக்கொள்ள இடம் தேடினால் விரல் நேராக அதற்குள்தான் போகும். பழைய டியூபை வெட்டி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை, காசே கிடையாது.

ஆண்கள் சைக்கிளில் ஏறுகிற விதத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலைப் பெடலில் வைத்து நாலு எட்டுத் தள்ளி, மற்றக் காலைப் பின்பக்கமாக வீசிப் போட்டு ஏறுவோம். பின்னால் பிள்ளை இருந்தால் அந்த வீச்சு அதன் முகத்தில்தான் விழும். பின்சீட்டு வைத்தால் ஜென்ட்ஸ் சைக்கிள் ஆகாது என்று நான் சொல்வது அதனால்தான். அப்பா கௌரவம் பார்க்காமல் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகட்டும். முதுகில் பை மாட்டிக்கொண்டு மிதிப்பதும் அப்படியே. ஒவ்வொரு பள்ளத்திலும் பை பிள்ளையின் மூக்கில் இடிக்கும்.

ஓடும்போது கவனமாக இருக்கிறவர்கள் நிறுத்தும்போது கோட்டை விடுகிறார்கள். பிள்ளையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, சைடு ஸ்டாண்டு போட்டு, மளிகைக் கடையில் சில்லறைக்கு நிற்கிறார்கள். பிள்ளையின் எடை முழுக்கக் கேரியருக்கு மேலே, இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அது ஒரு பக்கம் எட்டிப் பார்த்தாலே வண்டி சாயும். பெல்ட் போட்டிருப்பதால் பிள்ளையும் வண்டியோடு சேர்ந்து, தலை முன்னால் விழும். மண்ணில் ஸ்டாண்டு புதையும், வெயிலில் இளகிய தாரிலும் புதையும். பிள்ளையைக் கடைசியாக ஏற்ற வேண்டும், முதலில் இறக்க வேண்டும். நடுவில் எந்த நேரத்திலும் ஒரு கை வண்டியில் இருக்க வேண்டும்.

கேரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கால்கள் பின்சக்கரத்தின் அச்சு நட்டிலேயே வந்து உட்காருகின்றன. சக்கரத்தைக் கழட்டி மாட்டும்போது வாஷர் முன்பின் மாறினாலும், நட்டு அரைச்சுற்று லூசாக இருந்தாலும், சீட்டோடு சேர்ந்து கேரியர் ஒரு பக்கம் இறங்கும். எந்தக் கேரியரும் அளவில்லாத எடை தாங்காது. சாதாரணக் கேரியருக்கு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், சீட்டின் எடையும் அதில் சேர்த்திதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

சில வருஷத்துக்கு முன்பு, பழைய வாடிக்கையாளரின் மகன் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தபோது அங்கே வாங்கிய பின்சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "மாட்டிக் குடுங்கண்ணே" என்றார். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. கேரியரையே அது தொடவில்லை. சீட்டுக் குழாயில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு எஃகுக் கம்பி வளைந்து வந்து சீட்டை அந்தரத்தில் தாங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் கம்பியே ஸ்பிரிங் ஆகிறது. கம்பி கழன்றாலும் விழாமலிருக்க வண்டிக் குழாயைச் சுற்றித் தனியாக ஒரு பெல்ட். பிள்ளையின் காலுக்கு இரண்டு பக்கமும் அகலமான சுவர், கீழே பாதத்துக்குக் கிண்ணம், அதற்கு வார். சீட்டின் பக்கத்தில் ஒரு குறி செதுக்கியிருந்தது: எடையின் மையம் இங்கே, இது பின் அச்சுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக் கூடாது என்று. அதற்கும் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, ஹாண்டில் தள்ளாடும். நம் பட்டறைச் சீட்டு மேம்பாலம் ஏறும்போது ஏன் அப்படி ஆடியது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. 9 கிலோவிலிருந்து 22 கிலோ வரைக்கும்தான் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. ஐரோப்பாவில் பின்சீட்டுக்கு அதுதான் தர அளவு. ஸ்பிரிங்கை மூடு, பிள்ளையைத் தனியே விடாதே என்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் படம் போட்டே கொடுத்திருந்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஜெர்மனியின் சாலை விதியிலேயே இது எழுதியிருக்கிறதாம்: சாதாரண சைக்கிளில் ஏழு வயசு முடியாத பிள்ளையைத்தான் ஏற்றலாம், மிதிக்கிறவருக்குப் பதினாறு வயசாவது ஆகியிருக்க வேண்டும், தனிச்சீட்டு வேண்டும், பிள்ளையின் கால் ஸ்போக்ஸுக்குள் போகாதபடி சக்கரத்தை மறைத்திருக்க வேண்டும். ஸ்போக்ஸ் என்ற சொல் ஒரு நாட்டின் சட்டத்தில் வந்திருக்கிறது. நெதர்லாந்தில் எட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதுகு, கை, கால் மூன்றுக்கும் தாங்கல் உள்ள சீட்டு வேண்டும் என்கிறது விதி.

நம்மிடமும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைத்து, பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காமல் காக்க வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது. ஷோரூமில் சேலை கார்டு மாட்டிக் கொடுப்பது அதனால்தான். 2022இல் இன்னொரு விதி வந்தது: நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் உடம்போடு கட்டும் பெல்ட், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. இவையெல்லாம் மோட்டார் வண்டிக்கு. மோட்டார் இல்லாத சக்கரத்தை இந்த விதிகள் தொடுவதில்லை. அங்கே பிள்ளையின் காலுக்குக் காவல், கடைக்காரனும் தாயும் தகப்பனும்தான்.

ஹெல்மெட், வயசு பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டின் கனத்தைக் கழுத்துத் தாங்குகிற வரைக்கும் ஏற்ற வேண்டாம். ஒரு வயசுக்கு முன் கூடவே கூடாது என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். கடையில் பார்த்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஹெல்மெட்டின் பின்பக்கம் சீட்டின் முதுகில் முட்டினால் பிள்ளையின் தலை முன்னால் கவிழ்ந்தே இருக்கும். சீட்டு வாங்கும்போது ஹெல்மெட்டோடு உட்காரவைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டி என்றால் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், சுட்டுவிடும்.

என்னை இப்போது அதிகம் பயமுறுத்துவது பள்ளிக்கூட விலையில்லா சைக்கிள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் போகும்போது, பின் கேரியரில் தம்பியோ தங்கையோ, சீட்டும் இல்லை, கால்மிதியும் இல்லை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மிதிக்கிறதே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையும் கிளம்பும்போது, "காலை அகட்டி வெச்சுக்க" என்றுதான் சொல்கிறது.

சைக்கிள் கடை வைத்திருக்கிற தம்பிமார்களுக்கு: பஞ்சருக்குக் கார்டைக் கழட்டினால், திரும்ப மாட்டாமல் வண்டியை விடாதீர்கள். துருப்பிடித்த திருகாணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். அதற்குக் காசு கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளையை ஏற்றிப் போகிறவர்களுக்கு: வண்டியைத் திரும்ப வாங்கும்போது காற்றை அழுத்திப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பின்சக்கரத்தின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். கார்டு இல்லையென்றால் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் கடைக்குள்ளேதான் இருக்கும்.